அது மெட்ராஸ் ஐதானா, மாப்ள?

மாப்ள,

போன செவ்வாய்க்கிழமை என் வலது கண் சிவந்துவிட்டது. புதுக்கோட்டையில் கண் டாக்டரிடம் போனேன். கருவியில் வைத்துக் கண்ணைப் பார்த்தவர், என் சட்டைக் கையை மடக்கச் சொன்னார்.

"நான் கண்ணுக்கு வந்தேன் சார்."

"தெரியுதுங்க. ஒடம்புல எங்கயாச்சும் செதில் செதிலா உதிருதா?"

நாம் இருவரும் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு அலைந்தது எதற்காக? தோல் டாக்டர் வாசலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகித்தான் முந்திரிப் பருப்பு வியாபாரத்தில் கூட்டுச் சேர்ந்தோம். "தொழில்லயும் கூட்டு, தோல்லயும் கூட்டு" என்று நீ சிரிப்பாய்.

நம்மைப் போல் சொரியாசிஸ் உள்ள சிலருக்குக் கண்ணுக்குள்ளேயே அழற்சி வருமாம், எனக்கு வந்திருப்பது அதுதானாம். அடுத்தவருக்கு ஒட்டாதாம். வலிக்கும், வெளிச்சம் கூசும். உடனே பார்த்தால் பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே அடங்குமாம். விட்டுவிட்டால் பார்வையே கெடலாமாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு உன் கண்தான் ஞாபகம் வந்தது.

ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவிய அந்த சீசன். ஒரு கண் சிவக்கச் சிவக்க நீ ஆலங்குடிக் கடைக்கு வந்தாய். பருப்பு வாங்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"மாப்ள, ஒரு வாரம் இங்கிட்டு வராத. கருப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வீட்ல கெட."

"பீளையே தள்ளலடா. வெளிச்சம் ஊசி மாதிரி குத்துது."

"பெரிய டாக்டரு இவரு! தானாப் போயிரும், போடா."

போனாய். ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று. திரும்பி வந்து, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு பருப்பைப் பார்த்தாய். "பனி மூட்டமாத் தெரியுதுடா" என்றாய். எட்ட நின்றே வெள்ளையையும் பழுப்பையும் பிரித்துச் சொன்ன ஆள் நீ. ஒற்றைக் கண்ணை நம்பித் தரம் சொல்ல மாட்டேன் என்று தரம் பிரிக்கும் மேசையை விட்டு எழுந்தவன், திரும்ப உட்காரவே இல்லை. போன வருஷம் நெஞ்சு வலியில் போய்ச் சேரும்வரை நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"அவனுக்கு வந்ததும் இதுதானா சார்?" என்று உன் கதையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன்.

"பாக்காத கண்ணுக்கு நான் எப்படிங்க பேரு வைக்கிறது?"

நியாயம்தான். எனக்குத்தான் பிடிபடவில்லை. அது மெட்ராஸ் ஐயாகவே இருந்திருக்கலாம். இல்லையென்றால், உன்னை வீட்டுக்கு விரட்டியவன் நான். நீயாவது டாக்டரிடம் போயிருக்கக் கூடாதா? உன்மேல் கோபம் வருகிறது, அடுத்த நிமிஷமே என்மேல் வருகிறது. மூட்டையைக் குத்திப் பார்த்ததும் விலை சொல்லுகிறவன், இதில் ஒரு முடிவும் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

உன் மேசையில் இப்போது உன் மகள் உட்கார்ந்து தரம் பிரிக்கிறாள். அவளுக்கும் முழங்காலில் செதில் வந்திருக்கிறது. அதனால் மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப அப்பாவுக்கும் அதுதானா மாமா?"

"தெரியலத்தா. சத்தியமாத் தெரியல."

அழுவாள் என்று நினைத்தேன். அவளோ எனக்கு நிபந்தனை போட்டாள், நானும் ஒத்துக்கொண்டேன். எங்கள் இருவரில் யாருக்குக் கண் சிவந்தாலும், கூசினாலும், அன்றைக்கே டாக்டர். முந்திரி சீசனாகவே இருந்தாலும் கடை சாத்தப்படும். என்ன நோய் என்று டாக்டர் சொல்வார். நான் சொல்லக் கூடாது.