தண்டல் வீட்டுத் தண்ணீர்

ஆகஸ்ட் 16, 1972, புதன்

காலை ஐந்தரைக்கு வர வேண்டிய குழாய்த் தண்ணீர் ஏழரைக்கு வந்தது. முதல் பத்துக் குடம் கலங்கல், சாக்கடை வாடை. பக்கத்து வீட்டு பேபி அக்கா மோந்து பார்த்துவிட்டு, “ஏளா, இது குடிக்கதுக்கா, முத்தம் தெளிக்கதுக்கா?” என்றாள். வரிசையே சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் பிடித்துக்கொண்டோம். நங்கூரத் தெருவுக்கு வேறு குழாய் கிடையாது.

அச்சாபீசுக்குத் தாமதம். நான் புரூப் பார்க்கும் வாரப் பத்திரிகைக்கு முதல் பக்கச் செய்தி என்று ஒன்றும் கிடையாது; கடல் பருவம் திறந்ததும் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் தோணிகளின் பட்டியல்தான் முதல் பக்கம். அப்பா தண்டலாக நின்று நடத்திப் போகும் தோணி செப்டம்பர் 6. அவர் பெயரை இரண்டு முறை சரிபார்த்தேன். நாலு மாதமாகக் கரையில் கிடக்கிற மனிதர். வீட்டுக்குள் நடக்கும்போதுகூட, ஆடுகிற தோணியில் நடப்பது போல, எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

ஆகஸ்ட் 19, சனி

தெருக்கோடி சந்தியாகு செத்துப்போனான். முப்பத்தோரு வயது. நேற்று மத்தியானம் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவன். கஞ்சித் தண்ணீர் மாதிரி போனதாம், நிற்கவே இல்லையாம். இன்று போய்ப் பார்த்தேன். ஒரே நாளில் கண்கள் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கி, கிழவன் ஆகியிருந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் அண்ணனிடம் டாக்டர் வாயால் சொன்னது காலரா. சீட்டில் எழுதிக் கொடுத்தது வயிற்றுப்போக்கு.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

இன்னும் இருவர். ஒரு கிழவி, ஒரு பிள்ளைத்தாய்ச்சி.

ஆசிரியர் கிருபாநிதி சாரிடம் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். குழாய், வாடை, மூன்று சாவு, டாக்டர் சொன்ன சொல், எல்லாம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அந்த நேரம் பார்த்தா தோணி முதலாளி தேவபிரசாதம் வர வேண்டும்? சார் தாளை மறைக்கவில்லை. அவரிடமே நீட்டினார்.

“காலரான்னு போட்டா துறைமுகத்துல மஞ்சக்கொடி ஏறும். ஏறிட்டா ஒரு தோணி நகராது. அப்புறம் உம்ம மொதப் பக்கத்துல எதப் போடுவீரு, கிருபாநிதி? கோலப்பொடி விளம்பரமா?” பிறகு என்னைப் பார்த்து, சிரித்துக்கொண்டே, “தண்டல் மகதான? ஒங்கப்பனக் கரையில கட்டிப் போடணும்னு ஆசையா?”

புரூப் தாளைக் குனிந்து பார்த்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 26, சனி

பத்திரிகை வந்துவிட்டது. என் அரைப் பக்கம் ஒரே வரியாகத் தோணிப் பட்டியலின் அடியில் நிற்கிறது. “பருவம் மாறுவதால் குடிநீரைக் காய்ச்சி அருந்துவது நலம்.”

பருவம் மாறுவதால்! செத்தவர்கள் பருவத்தால் செத்தார்களா?

பேபி அக்காவிடம் வாசித்துக் காட்டினேன், வெட்கமாக இருந்தாலும். “காய்ச்சணும்னு எனக்குத் தெரியாதாக்கும். ரேசன்ல ரெண்டு வாரமா மண்ணெண்ணெய் இல்ல. ஒடமுள்ளு வெறகப் பெறக்கி ஒரு வேள சோறு பொங்குதேன். அந்தப் பேப்பரக் குடு, அடுப்புப் பத்த வைக்க ஆவும்” என்றாள். கொடுத்துவிட்டேன். அந்த வரியால் ஆன உபகாரம் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

இதோடு ஐந்து பேர்.

செப்டம்பர் 2, சனி

தெருக் கமிட்டி கூடியது. பெண்களுக்கு இடம் இல்லை. சன்னல் பக்கம் நின்று கேட்டோம். சுகாதார அதிகாரி வந்திருந்தார். தண்ணீரைச் சோதித்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். யார் சோதித்தது, எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐந்து சாவைத் தோளில் சுமந்த ஆண்கள் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். அவர் பொய் சொல்ல வந்தார். இவர்கள் அதை வாங்கிக்கொள்ளத்தான் கூடியிருந்தார்கள். சந்தியாகுவின் அண்ணனும் தலையாட்டினான். அவனும் தோணிக்காரன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

“ஒங்களுக்குத் தெரியாதாப்பா?”

“தெரியும்.”

“அப்புறம்?”

“ஒம்பது பேரு வீட்டு அடுப்பு என் தோணியில எரியுது. நீ படிச்சவ. அடுப்ப அணைச்சுட்டு என்ன செய்யன்னும் ஒன் புத்தகத்துல போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு.”

போடவில்லை. நான் படித்த எதிலும் போடவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

மதுரைத் தினசரி ஒன்றுக்குக் கடிதம் எழுதினேன். கையெழுத்தில்லாமல். தபால் பெட்டி வரை நடந்து போனேன். பெட்டி வாயில் கையை வைத்தபோது அந்த ஒன்பது வீடும் நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டேன். நாளைக்குப் போடலாம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

போடவில்லை.

இன்று பீப்பாய் நிரப்பினார்கள். பருவத்தின் முதல் ஓட்டத்துக்குக் குடிதண்ணீர் தண்டல் குடியிருக்கும் தெருவின் குழாயிலிருந்துதான் போக வேண்டும் என்பது வழக்கம். முதல் குடம் தண்டல் வீட்டுப் பெண் ஊற்ற வேண்டும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஆகவே நான்.

“துறைமுகக் குழாயில பிடிச்சா என்னப்பா? இந்த ஒரு தடவ.”

“வேற தண்ணியேத்திக் கெளம்புனா ஒருத்தன் தோணியில கால் வைக்க மாட்டான். மொதல்ல மரியான் வைக்க மாட்டான்.”

மரியான் பேபி அக்காவின் புருசன். தோணியில் சமையல் பார்க்கிற பண்டாரி. பீப்பாய்க்குப் பக்கத்தில்தான் நின்றார். குடிக்கிற தண்ணீரையாவது காய்ச்சுங்கள் அண்ணே என்று மெதுவாகச் சொன்னேன். “கஞ்சிக்கே வெறகு எண்ணித்தான் ஏத்துதாவ தங்கச்சி. கடல்ல போயி வெந்நி குடிச்சா மீனு சிரிக்கும்” என்றார். சுற்றி நின்றவர்கள் மீனுக்கு முன்னால் சிரித்துவிட்டார்கள்.

குடத்தைக் கீழே போட்டிருக்கலாம். கால் இடறியது போல விழுந்திருக்கலாம். சபையில் எழுந்து பேசும் பெண்களைப் பற்றி எத்தனை வாசித்திருக்கிறேன். ஊற்றினேன். பேபி அக்கா குலவை இட்டாள்.

செப்டம்பர் 6, புதன்

பாய் விரித்துப் போய்விட்டார்கள். நல்ல காற்று.

செப்டம்பர் 11, திங்கள்

கொழும்பிலிருந்து தந்தி. தோணியில் நோய். துறைமுகத்துக்குள் விடவில்லை, வெளியே நங்கூரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யார் யாருக்கு என்று இல்லை. பேபி அக்கா தந்தித் தாளை என்னிடம் நாலு தடவை வாசிக்கச் சொன்னாள். நாலு தடவையும் அதேதான் இருந்தது.

செப்டம்பர் 14, வியாழன்

மரியான் அண்ணன். செவ்வாய்க்கிழமையே. அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.

பேபி அக்கா அழவில்லை. வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போகவில்லை. முதல் குடம் என் கையால்தானே— எத்தனையாவது குடத்துத் தண்ணீர் அவரைக் கொன்றது? இதற்கு யார் பதில் சொல்ல முடியும்? என்னத்துக்கு இந்தக் கேள்வி?

செப்டம்பர் 16, சனி

இப்போது எழுதலாமாம். கிருபாநிதி சாரே தலைப்புக் கொடுத்தார். “கொழும்பில் தூத்துக்குடி மாலுமி காலராவுக்குப் பலி.” பெரிய எழுத்து. நான்தான் புரூப் பார்த்தேன். பிழை இல்லை.

முதல் பக்கத்தில் தோணிப் பட்டியல் இல்லை. மஞ்சள் கொடி ஏறிவிட்டது, ஒன்றும் போகவில்லை. தெருவில் செத்த ஐந்து பேருக்கும் இன்னும் வயிற்றுப்போக்குதான். இங்கே ஒரு சாவு செய்தியாவதற்குக் கடலைத் தாண்டிப் போய்ச் சாக வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 19, செவ்வாய்

லாரி வந்தது, தடுப்பூசி வந்தது, மண்வெட்டிகள் வந்தன. குழாயடியில் ஆறடி தோண்டினதும் தெரிந்துவிட்டது. கக்கூஸ் சாக்கடை மேலே, வெடித்த குழாய் கீழே. பாதி நாள் வேலை. புதுக் குழாய் போட்டு மூடிவிட்டார்கள்.

பாதி நாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

மாதா கோயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. துறைமுகம் மூடியதற்கு நான்தான் காரணமாம். கொழும்புக்கு எழுதிப் போட்டுத் தோணியைப் பிடித்துக் கொடுத்தேனாம். குழாயடியில் ஒருத்தி எனக்குக் கேட்கும்படி, “பேப்பர்க்காரி வாரா, வாயப் பொத்துங்கடி” என்றாள். எனக்கு வழி விடுகிறார்கள். புதுக் குழாயில் முதல் குடம் தினமும் எனக்குத்தான்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பழியைச் சுமக்கும் யோக்கியதைகூட எனக்கு இல்லை என்று எப்படிச் சொல்ல?

அக்டோபர் 3, செவ்வாய்

கொழும்பில் தோணியை விடுவித்துவிட்டார்கள்; அப்பா மத்தியானம் வந்துவிட்டார். மெலிந்து கறுத்திருக்கிறார். வரும் வழியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள் போல. சட்டையைக் கழற்றிக்கூடப் போடாமல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“கொழும்புக்கு நீயா எழுதுன?”

“இல்லப்பா. மதுரைப் பேப்பருக்கு ஒண்ணு எழுதுனேன், நீங்க போறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி. தபால்ல போடல.”

“ஏன்?”

“ஒம்பது வீடுன்னு சொன்னீங்கள்லா.”

திட்டுவார் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

“போட்டிருக்கலாம்லா” என்றார்.

பிறகு எழுந்து முகம் கழுவினார். மரியானின் துணிமூட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேபி அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். நானும் எழுந்தேன்.

“நீ இங்கனயே இரு, ஏளா” என்றார்.