கோபுரம் விழுந்தால் அம்பு நிற்கும்

என் பிடிவாதக்கார மச்சான் செல்வாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன், அதில் அர்த்தமில்லை. நம் விளையாட்டு விஷயமாக ஒரு முடிவெடுத்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் ஆரம்பித்தாலும் பாதியிலேயே “விடுங்க பாஸ்” என்கிறார்கள்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். நானும் செல்வாவும் சேர்ந்து செல்போனுக்கு ஒரு விளையாட்டு செய்தோம். பெயர் ‘கரைக்காவல்’. கடலிலிருந்து பூதங்கள் கரையேறி ஊரை நோக்கி நடந்துவரும். நாம் வழியோரம் கோபுரங்கள் கட்டித் தடுக்க வேண்டும். கோபுரத்துக்கு ஒரு காவலன், அவன் தானாகவே அம்பு விடுவான். பூதங்கள் மொத்தமாக வராது, அலை அலையாக வரும். ஊர்க்கதவை உடைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. படமும் விதிகளும் செல்வா. புரோகிராம் நான். விதிகளை அவனே ஒரு பட்டியலில் எழுதி வைப்பான், என் புரோகிராம் அதைப் படித்து ஆட்டத்தை நடத்தும். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் மெஷின்களுக்கு புரோகிராம் போடுவது எனக்குச் சம்பளம் தரும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்திக்குப்பத்தில் அவன் வீட்டு மாடியில் இந்த வேலை.

சரி, இனி உன்னிடம். அந்த ஒரு விதி ஞாபகம் இருக்கிறதா? மறந்திருக்கமாட்டாய். அதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் கத்தினோம்! ஒரு கோபுரம் விழுந்தால், அடுத்த அலை முடியும்வரை மற்ற கோபுரங்கள் எதுவும் சுடாது. அந்த ஓர் அலையை ஊர்க்கதவுதான் தாங்க வேண்டும். முதல்முறை போனில் அதைப் பார்த்தபோது நான் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“டேய், ஒரு டவர் வுழுந்தா மிச்சம் எல்லாம் வேடிக்கை பாக்குதே. எங்க தப்புன்னு தெரியல.”

“தப்பு இல்ல மச்சான். அப்டித்தான் சொல்லி வெச்சிக்கிறேன். எங்க ஊர்ல ஒரு சாவு வுழுந்தா, எடுக்கறவரைக்கும் ஒரு போட்டும் எறங்காது. மீனு குமிஞ்சி கெடந்தாலும் எறங்காது. இவனுங்க மட்டும் பக்கத்துல நின்னவன் போனதும் அம்பு வுட்டுக்கினு இருப்பானுங்களா?”

“அவனுங்க பொம்மைடா.”

“பொம்மைக்கி மூஞ்சி வரைஞ்சது நானு. உனுக்கு இன்னா தெரியும்? பாய் வூட்டு பிரியாணிய துன்னுட்டு கம்ப்யூட்டர தட்டு, போ.”

உன் அம்மா கீழேயிருந்து, “ரெண்டு பேரும் அடிச்சிக்கினு சாவுங்க, ஆனா சாப்ட்டுட்டு சாவுங்க” என்று குரல் கொடுத்தார். அத்தோடு அன்றைய வாக்குவாதம் முடிந்தது. விதி அப்படியே இருந்தது.

பிறகு நீ காய்ச்சல் என்று படுத்தாய். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவாய் என்று உன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வைத்திருந்தேன். வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, எனக்கு எழுதத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன்னை எடுக்கும்வரை குப்பத்தில் ஒரு படகும் இறங்கவில்லை. உன் அப்பாவோடு பேச்சே இல்லாத அந்த வடக்குத் தெருக்காரர் படகும் மணலில்தான் கிடந்தது. வலைத் தகராறில் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கெட்ட வார்த்தை பேசிய மனுஷன் அவர். அன்றைக்கு வந்து ஓரமாக நின்றார். எனக்கு ஞானம் எதுவும் வந்துவிடவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்போதைய சேதிக்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனி நம் விளையாட்டை வெளியிட முன்வந்தது. பேசியவர் கவிதா மேடம், சென்னைக்காரர், நல்ல மனுஷி. சோதனைக்காகச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேர் ‘டவர் சுடலை, கேம் ஹேங் ஆகுது’ என்று திட்டி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவன் போனையே மாற்றிப் பார்த்தானாம்.

“ரியாஸ், படமெல்லாம் எங்க டீமுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அந்த ஒரு ரூலை மட்டும் எடுத்துடுங்க. உடனே ரிலீஸ் பண்ணிடலாம்” என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? இத்தனை நாள் நான் கத்தியதைத்தானே அவரும் சொல்கிறார். எடுத்துவிடலாம் என்றே முடிவு செய்தேன். உன் அம்மாவிடம் சொல்லப் போனேன். அவர் விதி என்ன என்றெல்லாம் கேட்கவில்லை. “அவன் வரைஞ்ச பூதத்த ஊரு ஒலகம் பாக்கணும் தம்பி. அதுக்கு எது வேணுமோ செய்யி” என்றார். முடிந்தது என்று எழுந்தேன்.

உன் தங்கை கௌரி மூலையில் உட்கார்ந்து கரைக்காவல்தான் ஆடிக்கொண்டிருந்தாள். சேதராப்பட்டு கம்பெனி பஸ்ஸில் போகவர அவளுக்கு இதுதான் பொழுதுபோக்கு. பின்னால் நின்று பார்த்தேன். பூதங்கள் பாதி வழி வந்துவிட்டன. அவள் புதுக் கோபுரம் கட்டாமல், அடிபட்ட பழைய ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, அங்க பூதம் வந்துடுச்சி, புதுசா ஒண்ணு கட்டேன்.”

“புதுசு கெடக்கட்டும்ண்ணே. இவன் வுழுந்தா மிச்சம் பேரு கைய கட்டிக்கினு நிப்பானுங்க. மொதல்ல இவனத்தான் பாக்கணும். நீதான எழுதன, உனுக்கே தெரியாதா?”

தெரியும். ஆனால் நான் ஆடும்போது பூதத்தைத்தான் பார்ப்பேன். இந்த வகை விளையாட்டுகளில் எல்லோரும் அப்படித்தான். கோபுரம் போனால் இன்னொன்று கட்டுவார்கள், கணக்கு அவ்வளவுதான். இவள் காவலர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விதியை எடுத்துவிட்டால் இது நூற்றோடு நூற்றொன்றாகிவிடும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை நீ தெரிந்துதான் செய்தாயா, இல்லை தானாக அமைந்ததா?

“அப்ப மத்தவங்க ஏன் ஹேங்குன்னு சொல்றாங்க?” என்று அவளிடமே கேட்டேன்.

“எதுவும் காட்டாம சும்மா நின்னா அப்டித்தான் நெனைப்பாங்க. கரையில போட்டெல்லாம் ஆடிக்கினே நிக்குதே, அத மேல இழுத்து வுடேன்.”

கரையோரம் அழகுக்காக நீ வரைந்து வைத்த படகுகள். எனக்கு வரையத் தெரியாது, வரைந்ததை நகர்த்தத் தெரியும். இப்போது ஒரு கோபுரம் விழுந்ததும் படகுகள் எல்லாம் மணலில் ஏறிவிடும், காவலர்கள் வில்லைக் கீழே வைப்பார்கள். கௌரி ஆடிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

கவிதா மேடத்துக்கு அனுப்பினேன். அவரே கூப்பிட்டார். “இப்பத்தான் புரியுது. நல்லாவே இருக்கு. ஆனா ஒரு ஆன்-ஆஃப் பட்டன் வெச்சிடலாமே? வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்.”

நியாயமான யோசனைதான். எழுதவும் சுலபம். ஆனால், வேண்டியவன் படகை நிறுத்தட்டும், வேண்டாதவன் கடலுக்குப் போகட்டும் என்றால் அது வேறு ஊர். வடக்குத் தெருக்காரருக்கு அன்றைக்கு யாரும் பட்டன் கொடுக்கவில்லை. “பட்டன் வேணாம் மேடம்” என்றேன். ஏன் என்று கேட்டார். விளக்கினேன், மோசமாகத்தான் விளக்கினேன். அவர் வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. கம்பெனி விலகிக்கொண்டது.

உன் அம்மாவிடம் போய்ச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஊர் உலகம் பார்க்காது, கொஞ்சம் பேர்தான் பார்ப்பார்கள் என்றேன். “கொஞ்சம்னா எவ்ளோ பேரு?” என்றார். தெரியாது என்றேன். “சரி, அந்த கொஞ்சம் பேருக்கு ஒழுங்கா குடு” என்றார். கோபமா, சம்மதமா? எனக்குப் பிடிபடவில்லை.

நானே வெளியிட்டுவிட்டேன். முதல் திரையில் உன் பெயர் மேலே, என் பெயர் கீழே. ஆடுகிறவர்கள் அதிகமில்லை. திட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர், ‘என் வில்லாளி போயிட்டான், கொஞ்ச நேரம் போனைக் கீழே வெச்சிட்டேன்’ என்று எழுதியிருக்கிறார். அதை உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் மாறவில்லை. ஓர் அலை முழுக்கச் சுடாமல் நிற்பது அதிகம். பாதி அலை போதும், ஆட்டம் இன்னும் விறுவிறுப்பாக இருக்கும். நீ இருந்திருந்தால் உன்னை மடக்கி ஒத்துக்கொள்ள வைத்திருப்பேன், சத்தியமாக. ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், தடுக்க யாரும் இல்லை. அதனால்தான் மாற்றவில்லை. நீ பதில் பேச முடியாத இடத்தில் உன்னை நான் ஜெயிக்கமாட்டேன். முழு அலைக்கும் அம்பு நிற்கும். அது என் வாக்கு.

எதிர்வாதம் செய்ய ஆளில்லாத
உன் மச்சான்,
ரியாஸ்
மூலக்குளம், புதுச்சேரி