பாஸ்போர்ட் கேட்ட கதை

அம்மாவுக்குக் கும்பிட்டு எழுதுறேன். முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

வெளிநாட்டுலேர்ந்து பிழைக்க வர்றவங்களுக்கு இந்த நாட்டு அரசாங்கம் புதுக் கொள்கை எழுதுதாம். கருத்துச் சொல்ல எங்க கம்பெனியிலேர்ந்து தொழிலாளி ஒருத்தனை அனுப்பச் சொன்னாங்க. "இவன் வாயத் தொறந்தா விஷயத்துக்கே வரமாட்டான்"னு சிரிச்சுக்கிட்டே மேனேஜர் என்னையே கூட்டிட்டுப் போனான். பக்கத்துலயே உக்காந்துக்கிட்டான்.

ஆபீசரம்மா கேட்டத ஒரு தங்கச்சி நம்ம பாஷையில சொல்லுச்சு: "உங்க பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

மேனேஜர் முந்திக்கிட்டான். "எங்ககிட்ட பத்திரமா இருக்கு."

நான் ரூம்ல இருக்கற எலியில ஆரம்பிச்சு, ஓடாத ஃபேன், ஒழுகுற குழாய்னு சுத்தினேன். அவனுக்குக் கண்ணு சொருகிடுச்சு. அப்பதான் சொன்னேன்:

"எங்கப்பா செத்தப்ப இவன் கால்ல விழுந்து பாஸ்போர்ட்ட கேட்டேன் தாயி. 'பத்திரமா இருக்கு, போய் வேலையப் பாரு'ன்னான். நான் மொகம் பாக்கல."

ஆபீசரம்மா அவனத் தட்டி எழுப்பினாங்க. "நாளைக்கு நீங்களே இவர் கையில குடுக்கணும். கொள்கையிலயும் இத எழுதப்போறோம்."

அவன் மூஞ்சியப் பாக்கணுமே!

அப்பா வேட்டியக் கிழிச்சு, பாஸ்போர்ட்ட வச்சுக் கழுத்துல மாட்ட ஒரு பை தச்சு அனுப்பும்மா. வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி வந்துருச்சு. நாளைக்கு அவன் நீட்டுவான். நான் உடனே வாங்கமாட்டேன். எல்லாரும் பாக்க நீட்டிக்கிட்டே நிக்கட்டும்.

உன் பெரியவன்