மொஹிதீன் நானாவின் கதிரை

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

காலில் நரம்பு மறுபடியும் புடைத்திருக்கிறது. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு பஸ்ஸிலும் நின்றேன், கடையிலும் நின்றேன், திரும்பி வரும்போதும் நின்றேன். சாப்பாட்டு நேரம் தவிர, புடவைக்கடையில் விற்கிறவள் உட்காரக்கூடாது என்பது முதலாளி மஹ்ரூப் ஹாஜியாரின் சட்டம். எங்கள் பக்கம் ஒரே ஒரு கதிரை, அது சூப்பர்வைசருக்கு. சூப்பர்வைசராக இருந்த மொஹிதீன் நானா வயதாகி மே மாதம் விலகிய பிறகு அவருடைய வேலையை நான் பார்க்கிறேன். அவருடைய கதிரையில் கடைப் பூனை தூங்குகிறது.

இன்று ஹாஜியாரின் மகன் ஷப்ராஸ் கூப்பிட்டார். கத்தாரில் ஆளெடுக்கும் படிப்புப் படித்து வந்திருக்கிறார். "சக்தி அக்கா, தீவாளிக்கு முந்தி மூணு புதுப் புள்ளைகள எடுக்கணும். நீங்கதான் ட்ரெயின் பண்ணோணும். பொறகு சூப்பர்வைசர் போஸ்ட்டையும் முறையா நிரப்புவோம்."

முறையாக என்றால் எனக்குத்தானே? பதினொரு வருஷம் ஆயிற்று.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

என்னை ஹாஜியார் எடுத்தபோது கேட்டது: "யார்ர புள்ள? எந்தத் தோட்டம்? நாளைக்கு வா." மூன்று கேள்வி, அதில் ஒன்று கேள்வியே இல்லை. இப்போது நான்கு பக்கப் படிவம். உங்கள் பலவீனம் என்ன என்று ஒரு கேள்வி. ஒரு பிள்ளை 'இரத்தச்சோகை' என்று எழுதியிருந்தாள். எனக்குப் பிடித்துப்போயிற்று, ஆனால் மார்க்ஸ் இல்லையாம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மூவரை எடுத்தாயிற்று. கெட்டிக்காரி ஜீவராணி. ஹாலிஎலப் பக்கத் தோட்டம், ஏ லெவல் பாஸ், கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டும் வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 2, திங்கள்

இனிமேல் காலை எட்டரைக்கு எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட வேண்டும். அன்றைக்கு எவ்வளவு விற்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஷப்ராஸ் இதற்கு என்னவோ இங்கிலீஷ் பெயர் சொன்னார்.

"எங்க தோட்டத்துல இதுக்கு பெரட்டுன்னு பேரு," என்று ஜீவராணி முணுமுணுத்தாள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

பெரட்டுக்கு நிற்கக்கூடாது என்றுதானே நான் டவுனுக்கு வேலைக்கு வந்தேன்! இப்போது பெயர் கூப்பிடுகிறவளே நான்தான். என் காதில் விழாது என்ற நினைப்பில் பிள்ளைகள் என்னைக் கங்காணி அக்கா என்கிறார்கள்.

செப்டம்பர் 14, சனி

ஒரு தோட்டத்து அம்மா பட்டுச் சாரியைப் புறங்கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஜீவராணி சாரியை மடிக்கப் போனாள். நான் தடுத்தேன்.

அவர் போன பிறகு சொல்லிக் கொடுத்தேன். "கொழுந்து கிள்ளுற வெரல்ல நுனியெல்லாம் சொரசொரன்னு இருக்கும். பட்டுல இழை மாட்டிக்கும்னு பயந்துதான் பொறங்கையால தொடுறாங்க. அப்படித் தொட்டா ரொம்பப் புடிச்சிருக்குன்னு அர்த்தம். மடிக்காத. ஒன் தோள்ல போட்டுக் காட்டு."

சாரியை அவள் தன் தோளில் போட்டுப் பார்த்தாள். பிறகு, "எங்கம்மாவும் அப்படித்தான் தொடும்," என்றாள். என் அம்மாவும்தான்.

ஷப்ராஸ் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். இப்படி இன்னும் இருந்தால் எழுதித் தரச் சொன்னார். ஒரு கொப்பியில் இருபது விஷயம் எழுதிக் கொடுத்தேன். கொழும்பில் ஒரு கம்பனி அதை அழகாக்கித் தருமாம்.

அக்டோபர் 7, திங்கள்

சூப்பர்வைசர் நேர்முகத் தேர்வு. யாரும் விண்ணப்பம் போடலாம் என்றார்கள். ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு 'உட்கார்ந்திருப்பேன்' என்று சொன்னேன். உண்மை அதுதான்.

எனக்கு 41. ஜீவராணிக்கு 78. ஐம்பது எடுத்தால்தான் பாஸ்.

அனுபவத்துக்கு மார்க்ஸ் இல்லையா என்று ஷப்ராஸிடம் கேட்டேன். "ஈக்கி அக்கா. அஞ்சு வருஷம் வரைக்கும் ஈக்கி. மிச்சத்துக்கு ஷீட்ல எடமில்ல."

அப்ப மிச்ச ஆறு வருஷம் எங்க போச்சு? — இந்தா, என் காலுக்குள்ளதான் கெடக்கு. வந்து எண்ணிப் பாருங்களேன்!

அக்டோபர் 8, செவ்வாய்

பூனையை விரட்டிக் கதிரையைத் துடைத்து ஜீவராணிக்குக் கொடுத்தேன். அதுவும் நான்தான்.

அக்டோபர் 26, சனி

தீபாவளிக் கூட்டம். மத்தியானம் ஜீவராணி எழுந்து வந்து, "கொஞ்ச நேரம் நீங்க ஒக்காருங்கக்கா," என்றாள்.

"ஹாஜியார் பாத்தா ஏசுவாரு, போ."

ஹாஜியார் இன்று கடைக்கே வரவில்லை. அவளுக்கும் அது தெரியும். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி! மனதாரத் திட்டியிருக்கலாம்.

நவம்பர் 11, திங்கள்

ஐம்பதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. அப்படி எடுத்தவள் நான் ஒருத்திதான். மேல்மாடியில் வகுப்பு. நடத்துவது ஜீவராணி. நிற்கவா என்று கேட்டேன், வகுப்பென்றால் உட்கார வேண்டுமாம். பதினொரு வருஷத்தில் வேலை நேரத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தேன்.

கையில் ஒரு பளபளப்பான புத்தகம் தந்தார்கள். என் கொப்பியில் இருந்த இருபது விஷயமும் உள்ளே இருக்கிறது. என் பெயர் மட்டும் இல்லை. வாசித்தால் என் தமிழாகவே இல்லை; கொழும்பில் அதை இங்கிலீஷுக்கு மாற்றி மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் போல.

நவம்பர் 13, புதன்

கடைசியில் பரீட்சை. ஒன்பதாம் கேள்வி: வாடிக்கையாளர் துணியைப் புறங்கையால் தொட்டால் என்ன பொருள்? ரொம்பப் பிடித்திருக்கிறது என்று எழுதினேன்.

ஜீவராணி விடைத்தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா... துணி புடிக்கல, உடனே மடிச்சிடணும்னு விடை ஷீட்ல போட்டிருக்கு." பேனா அந்தரத்திலேயே நின்றது. அவள் கண் கலங்கியிருந்தது.

"ஷீட்ல இருக்கிறபடி போடு," என்றேன். "ஆனா கீழ போய் மட்டும் மடிச்சிடாத."

இருபதுக்குப் பத்தொன்பது. பாஸ். ஷப்ராஸ் கைகொடுத்து, நாளை காலையிலிருந்து வழக்கம்போலக் கீழே நிற்கச் சொன்னார். காலில் வீக்கம் பாதி வற்றியிருந்தது.

ஃபெயிலாகியிருந்தால் இன்னும் மூன்று நாள் பயிற்சியாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா?