நொண்டிக்குதிரை ஓடைக்குக் கொண்டுபோன பை

வயோமிங்,
செப்டம்பர் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் டார்சிக்கு,

அம்மா எழுதுவது. அங்கே அபர்தீனில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் கடல்காற்றில் காதை மூடிக்கொண்டு நடப்பாய் என்று நம்புகிறேன். இங்கே இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதில் பாதிதான் நிஜம், மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போன் சமையலறையில் இருக்கிறது, நான் உன்னோடு பேச ஆரம்பித்த உடனே உங்கப்பா காபிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார், இவர் முன்னால் எதைச் சொல்வது. இந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது, மேட்டில் மரங்களெல்லாம் இப்போதே மஞ்சளாகி இலையைக் கொட்டுகின்றன, வைக்கோல் எல்லாம் உள்ளே ஏற்றியாயிற்று, பட்டன் நாய்க்கு ஒரு கண் முழுக்க மங்கிவிட்டது, ஆனாலும் தபால்காரரை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துக் குரைக்கிறது. காட்டுச் செர்ரி ஜாம் போட்டேன், உனக்கு இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் அப்பா உனக்கு ஒரு செய்தி அனுப்பினார் இல்லையா, ஸ்காட்லாந்தில் மலை ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே அந்த மாதிரி மெல்லிசான முதுகுப்பை ஒன்று அனுப்பு, ஒரு ராத்திரி வேட்டைக்கு அது போதும் என்று. கண்ணாடியைக் காணோம், படித்துச் சொல் என்று உன் பதிலை என்னிடமே நீட்டினார், அப்படித்தான் எனக்குத் தெரியும். நீயும் பாவம், எத்தனை லிட்டர் வேண்டும், என்ன நிறம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். கண்ணு, அந்தப் பையை வாங்காதே. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. ஏன் என்று கேள்.

ஆகஸ்டில் நாங்கள் இருவரும் லோவல் கடைக்குப் போனோம், உனக்கு முதல் மீன்தூண்டில் விற்றவர்தான். என் பழைய அலுமினியச் சட்டப் பை, நடந்தால் கதவுக் கீல் மாதிரி கீச்சிடுகிறது, அந்தச் சத்தத்தில் மலையில் உள்ள எல்க் மான் எல்லாம் நமக்கு முன்னாலேயே ஊரைவிட்டுப் போய்விடும். அப்பாவின் பையில் எலி புகுந்து கடித்துவிட்டது. லோவல் ஒரு புதுப் பையை எடுத்து வைத்து அருமையாக விளக்கினார். முதுகை ஒட்டி ஒரு சட்டம், அந்தச் சட்டத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சியை வைத்துக் கட்ட இடம், அதனால் ரத்தம் படுக்கையில் படாது, பாரமும் முதுகோடு ஒட்டி நிற்கும். இடுப்புப் பட்டை அகலமாக இருக்கிறது, கனம் தோளை விட்டு இடுப்பெலும்பில் உட்காரும். கரடி கிட்ட வந்தால் அதன் முகத்தில் அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரே டப்பாவைச் செருகிக்கொள்ளப் பட்டையில் ஓர் உறை. போகும்போது இறுக்கிக் கட்டினால் சின்னப் பை, வரும்போது அவிழ்த்துவிட்டால் பின்தொடை ஒன்று முழுசாக ஏறும். துணியும் செடியில் உரசினால் சத்தம் போடவில்லை. லோவல் அதற்குள் மணல் மூட்டையைப் போட்டு அப்பா முதுகில் மாட்டி, ஆரின், கடையை ஒரு சுற்று சுத்திட்டு வா பார்க்கலாம் என்றார். அப்பா தூண்டில் அலமாரி வரைக்கும் போனார், அங்கேயே நின்றார், தோள்பட்டை வாகாக இல்லை என்று கழற்றி வைத்துவிட்டார். பிறகு மூலையில் தொங்கிய ஒரு பையை எடுத்தார், சட்டமும் இல்லை, இடுப்புப் பட்டை என்ற பெயரில் ஒரு நாடா. லோவல் சிரித்தார், டேய் ஆரின், இதுல சாண்ட்விச் தூக்கலாம்டா, எல்க் தூக்க முடியாது என்றார். உங்கப்பா விட்டுக்கொடுப்பாரா, ஒரே ஒரு ராத்திரிக்குப் போறவன் வீட்டையே முதுகுல கட்டிக்கிட்டுப் போகணுமா, நீ விக்கறதுக்காகச் சொல்றே என்றார். நானும் சேர்ந்து கேலி செய்தேன், பள்ளிக்கூடப் பொண்ணு மாதிரி இருக்கே ஆரின், பென்சில் டப்பா வாங்கித் தரட்டுமா என்று. அவர் சிரிக்காமல் அதையே வாங்கிக்கொண்டார். எனக்கு எதுவும் வாங்காமல், கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளலாம் என்று என் பழைய பையோடேயே வந்துவிட்டேன்.

இந்த மாத நடுவில் நொண்டிக்குதிரை ஓடைக்குப் போனோம். வண்டியை நிறுத்திவிட்டு ஓடையோரமாகவே மேலே போய், பைன் மரங்கள் அடர்ந்த அந்தத் திருப்பத்தில் கூடாரம் போட்டோம். மாலையில் அப்பா ஒரு பெட்டை எல்க்கைச் சுட்டார், நல்ல சுத்தமான சுடுதல், அது இரண்டடி வைத்து விழுந்தது. தோலை உரித்துத் துண்டு போட்டுத் துணிப்பைகளில் கட்டும் வரைக்கும் எல்லாம் எப்போதும் போலத்தான். தூக்கும்போதுதான் தெரிந்தது. ஒரு முன்தொடையை அந்தப் பைக்குள் திணித்தார், பை கீழ்ப்பக்கம் தொங்கி, நாடா வயிற்றில் ஏறி, பாரம் முழுக்கத் தோளை இழுத்தது. கொஞ்ச தூரம் நடப்பார், உட்கார்வார். பையைத்தான் திட்டிக்கொண்டே வந்தார், நானும் பைதான் காரணம் என்று நினைத்தேன். சட்டப் பை இரண்டு இருந்திருந்தால் பாதி எல்க் அன்றைக்கே கீழே வந்திருக்கும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு பின்தொடையைத் தூக்கியிருந்தேன், மிச்சத்தைக் கரடிக்கு எட்டாமல் இருக்கக் கிளம்புமுன்பே அங்கேயே மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். கயிற்றை அவர்தான் இழுத்தார். நான் திரும்பிப் பார்த்தபோது மூட்டைகள் என் தலைக்குக் கொஞ்சம் மேலேதான் தொங்கின, இன்னும் ஏத்து என்றேன், போதும் வெர்னா, காலைல வந்துடுவோம் என்றார்.

காலையில் உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மேலே ஏறும்போதே எனக்கு ஒன்று பிடிக்கவில்லை. அண்டங்காக்கைகள் மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை, கத்தவும் இல்லை. குடல் கிடந்த இடத்தில் குடல் இல்லை. அதற்குப் பதிலாக மண்ணும் புல்லும் ஒடிந்த கிளையுமாக ஒரு மேடு, அதன் ஓரத்தில் ஒரு குளம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கிரிஸ்லி கரடி தன் சாப்பாட்டை அப்படித்தான் மூடி வைக்கும், உனக்கே தெரியும், மூடி வைத்தால் தூரம் போகாது. தொங்கிய மூட்டைகளில் ஒன்றுதான் மிச்சம். விட்டுடு ஆரின், அப்படியே திரும்பு என்றேன். நான் சுட்ட எல்க், அதுக்குப் பந்தி வெச்சுட்டுப் போகணுமா என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் அந்த மரத்தை நோக்கி நடந்தார். ஸ்ப்ரே எங்கே என்று கேட்டேன். பைக்குள்ளே என்றார். செருக இடமில்லாத பை, டப்பா அடியில் சாக்ஸுக்கும் கயிற்றுக்கும் நடுவே கிடந்தது.

அப்போதுதான் புதருக்குள் அந்தச் சத்தம் கேட்டது. கத்தல் இல்லை, உறுமல்கூட இல்லை. பல்லோடு பல் அடிக்கிற சத்தம், பெட்டி மூடியைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி. ஓடாதே என்று நான் சொல்வதற்குள் அப்பா முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். செத்த மாதிரி கிடக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் இது வேறு என்று புரிந்தது. வாய் திறந்திருக்கிறது, மூச்சு உள்ளே போகவில்லை, ஒரு கை நெஞ்சுச் சட்டையைக் கசக்கிப் பிடித்திருக்கிறது. என் ஸ்ப்ரேயைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதே, கால் போனது, நான் பின்னால் போனேன். பையின் தோள்வாரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன், தையல் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. கையைப் பிடித்துத் தூக்கினேன். பை அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவரை என் மேல் சாய்த்துக்கொண்டு, புதருக்கு முதுகைக் காட்டாமல் அடியடியாக இறங்கினோம்.

டார்சி, அந்தக் கரடியை நான் முழுசாகப் பார்க்கவே இல்லை. ஒருமுறை அதன் தோள் திமில் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் ஓடையின் இந்தப் பக்கம் இறங்க இறங்க, அந்தப் பக்கம் புதர்களின் நுனி மட்டும் அசைந்துகொண்டே எங்களோடு வந்தது. நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. அப்பா மூச்சு வாங்க நான்கைந்து தடவை நிற்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் அது காத்திருந்தது. கூடாரம் கண்ணில் பட்ட இடத்தில்தான் அசைவு நின்றது. போய்விட்டதா, உட்கார்ந்துவிட்டதா, தெரியாது. கூடாரத்தை விட்டுவிட்டு, முதல்நாள் இறக்கிய இறைச்சியையும் விட்டுவிட்டு வண்டிக்கு வந்தோம்.

வண்டிக்குள் கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னார். ஜூன் மாதமே நெஞ்சு வலி வந்திருக்கிறது, வேலிக் கம்பம் நடும்போது. என்னிடம் டிராக்டர் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரைப் பார்த்திருக்கிறார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும், தள்ளிப் போடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டப் பையை வாங்கினால் பின்தொடையைத் தூக்க வேண்டிவரும், தூக்க முடியவில்லை என்றால் நான் கேட்பேன். சின்னப் பை என்றால் பையின் மேல் பழியைப் போட்டுவிடலாம். அதற்காகத்தான் கடையில் அந்த நாடகம். ஏன்யா சொல்லலை என்று கத்தினேன். சொன்னா நீ என்னை வீட்டுல உட்கார வெச்சுடுவே வெர்னா, உட்கார்ந்தவங்க யாரும் திரும்ப எந்திரிச்சு நான் பார்த்ததில்லை என்றார். வண்டியை நான்தான் ஓட்டினேன்.

நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போனேன். அன்றைக்குப் பெரிய சேதம் இல்லை, மாத்திரை கொடுத்தார்கள், உடனே தேதி போடலாம் என்றார்கள். இவர் வேட்டை சீசன் முடியட்டும் என்று நவம்பருக்கு வாங்கியிருக்கிறார். ஆண் எல்க்குக்கு இன்னொரு அனுமதிச் சீட்டு கையில் இருக்கிறதாம், வீணாக்கக் கூடாதாம். காட்டிலாகாப் பெண் வந்து எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். அதே ஓடையில் இந்த மாதம் இன்னும் இரண்டு பேர் இறைச்சியை இழந்திருக்கிறார்களாம், துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அது ஓடிப் போகாமல் சத்தம் வந்த திசைக்கே வருகிறதாம், வேறு பக்கம் போங்க சார் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அவள் போனதும் அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார், வேற பக்கம் எல்லாம் செங்குத்து வெர்னா, என்னால ஏற முடியற வழி அது ஒண்ணுதான் என்று. இந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. மலையில் இவர் போகக்கூடிய ஒரே பாதை, அந்தப் பாதையிலேயே அது காத்திருக்கிறது.

நான் சண்டை போட்டுப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். நீ வராட்டி நான் தனியாப் போறேன் என்கிறார், போகவும் போவார். அதனால் நேற்று லோவல் கடைக்குத் தனியாகப் போய் அந்தச் சட்டப் பையை எனக்கு வாங்கிவிட்டேன். என் முதுகின் நீளத்துக்கு லோவல் சட்டத்தைச் சரிசெய்து கொடுத்தார், மணல் மூட்டையோடு கடையை மூன்று சுற்று வந்தேன், இடுப்பில் நன்றாக உட்காருகிறது. உங்கப்பா தண்ணீரும் ஸ்ப்ரேயும் மட்டும் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு வரட்டும், முதுகில் ஒன்றும் கூடாது. மதியத்துக்கு மேல் சுடக் கூடாது. ஒரே நடையில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் நம்முடையது, திரும்பிப் போகிற பேச்சே இல்லை. இதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார். நீ பையை அனுப்பினால் அந்தத் தலையாட்டல் எல்லாம் காற்றில் போய்விடும். முடிந்தால் நீ போன் செய்து தேதியை முன்னால் போடச் சொல்லு. என் பேச்சுக்குப் பதில் வைத்திருக்கிறார், உன் பேச்சுக்கு இன்னும் பதில் யோசிக்கவில்லை. இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகத் தெரிகிறார், என் புதுப் பையில் குதிரைத் தீனி மூட்டையைப் போட்டு மாட்டிக்கொண்டு வெளிக் கேட்டு வரைக்கும் நடந்து பார்க்கிறார், நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. கேட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் நிற்கிறார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, இருட்டில் தனியாகக் கடற்கரைப் பக்கம் நடக்காதே, யாரிடமும் உடம்பைப் பற்றி மட்டும் ஒளிக்காதே, இந்தக் குடும்பத்தில் ஒருவர் போதும். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காமல் எங்காவது குறித்துக்கொள். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை கிளம்புகிறோம், மறுநாள் ஞாயிறு சாயங்காலம் வீட்டிலிருந்து உனக்குப் போன் செய்வேன். உனக்குத் திங்கள் விடிந்தும் போன் வரவில்லை என்றால் ஷெரீஃப் அலுவலகத்தைக் கூப்பிடு. நொண்டிக்குதிரை ஓடைச் சாலை முடிகிற இடத்தில் நம் வெள்ளை வண்டி நிற்கும், அங்கிருந்து இடது கரையோடு மேலே வரச் சொல்லு, கரடியைப் பற்றி அவர்களுக்கே தெரியும். அப்பா மலையில் பிறந்து வளர்ந்தவர், பலசாலி, எப்படியும் வந்துவிடுவார் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதே, அப்படிச் சொன்னால் காத்துப் பார்க்கலாம் என்பார்கள். முதலில் நெஞ்சைச் சொல்.

உன் அன்பு அம்மா,
வெர்னா