நீ சொன்ன அவசரம்

இன்று காலை சித்தூர் பஸ் நிலையத்தில் ஒருத்தி தள்ளுவண்டியில் வேர்க்கடலை அவித்துக்கொண்டிருந்தாள். மண் வாசனையோடு அந்த ஆவி மூக்கில் ஏறியதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உன் மேல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவித்த கடலையை ஈரத் துணியில் மூட்டை கட்டிக் கொண்டுவந்து, என் மேசையில் கேஸ் கட்டுகளுக்கு நடுவே வைப்பாய். "இதெல்லாம் நான் வாங்கக் கூடாது, எடு" என்பேன். "இது இன்னா லஞ்சமா? எங்க கொல்லைக் கடலைதானே. துன்னுங்க மேடம்" என்பாய். கட்டுகளில் ஈரம் பட்டு மை பரவும். அதை வெயிலில் வைத்து உலர்த்துவது நான்.

திருப்பதியில் குடும்ப வழக்குகள் நடக்கும் கோர்ட்டில் நான் கிளார்க். சித்தூரில் மிஷன் பள்ளியில் படித்தவள். தமிழும் தெலுங்கும் சரளமாக வரும். அதனால் எல்லைக் கிராமங்களிலிருந்து வக்கீல் இல்லாமல் வருகிறவர்கள் எல்லாரும் என் மேசைக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். தெலுங்குத் தாளைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் தமிழில் சொல்வதை நீதிபதிக்குத் தெலுங்கில் சொல்ல வேண்டும். யாரும் என்னை அதற்கென்று நியமிக்கவில்லை. தலையில் வந்து விழுந்தது.

நீ பிச்சாட்டூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாய். உன் புருஷன் குவைத்தில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவன். எட்டு வயது மகளை உன்னிடம் சொல்லாமல் கூட்டிப்போய்த் திருப்பதியில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஹாஸ்டலில் சேர்த்துவிட்டான். தாயார் வந்தால் காட்டக் கூடாது என்று எழுதியும் கொடுத்திருந்தான். படிக்காத தாயிடம் இருந்தால் பிள்ளை ஆடு மேய்க்கத்தான் போகும் என்பது அவன் வாதம். மகளைத் திரும்பக் கேட்டு மனுப் போட வந்தாய் நீ.

"வக்கீல் வச்சுக்கோ" என்றேன்.

"மொத வச்ச வக்கீலு நான் பத்து சொன்னா ரெண்டு எழுதறாரு. அதுவும் தெலுங்குல. நீங்க தமிழு. நீங்க எழுதுங்க."

"நான் கோர்ட் ஆள். எந்தப் படிவம், எங்கே கையெழுத்து, அவ்வளவுதான் சொல்லலாம். என்ன எழுதணும்னு சொல்லக் கூடாது."

தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாய். முடித்ததும், "சரி, இப்ப எழுதுங்க" என்பாய். எத்தனை தடவை! மகளுக்கு வயிற்று வலி வந்தால் ஓமத் தண்ணி கொடுக்க வேண்டும் என்று மனுவில் எழுதியே ஆக வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க நின்றாய். அதெல்லாம் மனுவில் வராது என்றேன். "எம் பொண்ணப் பத்தி அது கூட வராதுன்னா, அப்புறம் இன்னாத்துக்கு மனு?" என்று கேட்டாய். எரிந்து விழுந்தேன். நீ பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாய்.

உன் சாட்சியம் நடந்த நாள் நினைவிருக்கிறதா? வழக்குப் பட்டியல் நீளமாக இருந்தது. கரண்ட் இல்லை, விசிறி நின்றிருந்தது. நீதிபதி தெலுங்கில் கேட்டார்: படிப்பு வருஷத்தின் நடுவில் இருக்கிறது, குழந்தையை இப்போதே அனுப்பச் சொல்ல வேண்டுமா? நான் தமிழில் உன்னைக் கேட்டேன். "எனக்கு அவசரம் இல்ல சாமி. முழுப் பரீச்ச எழுதிட்டே வரட்டும்" என்றாய்.

"நாகு அவசரம் லேது அண்டோந்தி சார்" என்றேன் நான். எனக்கு அவசரம் இல்லை என்கிறாள். மீதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நீதிபதி போதும் என்று கை காட்டிவிட்டார். நான் நிறுத்திக்கொண்டேன். டைப் மெஷின் தட்டிவிட்டது. படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதும் நான்தான். அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டே கடகடவென்று படித்தேன். நீ எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாய்.

தமிழில் அவசரம் என்றால் விரைவு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ஐந்து வயதிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் ஒரே சொல்லாக இருந்ததால் நாக்கு அதை மாற்றாமல் அப்படியே தள்ளிவிட்டது. குழந்தை எனக்குத் தேவையில்லை என்று நீ சொன்னதாகப் பதிவானது.

தீர்ப்பு வந்ததும் நகலை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே என்னிடம் வந்தாய். நான் படித்துக்கொண்டே போனேன். 'தாயே தனக்குக் குழந்தை தேவையில்லை என்று கூறியிருப்பதால்' என்ற வரியில் நின்றேன். தமிழில் மாற்றிப் படித்திருக்கலாம். உனக்குத் தெரிந்திருக்காது. ஒரு கணம் அதை நினைத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"இன்னா நின்னுட்டீங்க? படிங்க."

படித்தேன். எப்படி நடந்தது என்றும் சொன்னேன். நீ அழுவாய் என்று நினைத்தேன், அழவில்லை. "தெலுங்குக்காரங்க எழுதியிருந்தா தெரியாம எழுதிட்டாங்கன்னு உட்ருப்பேன். உங்களுக்குத் தமிழ் தெரியும்னுதானே உங்ககிட்ட வந்தேன்?" என்று மட்டும் கேட்டாய்.

அன்று மாலையே நீதிபதியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எழுத்தில் கொடுத்தால் உங்கள் மேல் நடவடிக்கை வரும், தெரியுமா?" என்றார். கொடுத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. தீர்ப்பை மறுபரிசீலிக்கச் சொல்லும் உன் மனுவைக் கூடாது என்று தெரிந்தே நான்தான் எழுதினேன். ஓமத் தண்ணியையும் எழுதினேன். மெமோவுக்கான பதிலில் தவறுக்கு வருந்துவதாகத் தெலுங்கில் எழுதினேன். உன்னிடம் அதைத் தமிழில் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்: தப்பு என்னுடையது.

அவன் தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கியது. முழுப் பரீட்சை வந்து போனது. அடுத்த அரைப் பரீட்சையும் போனது. அதற்குப் பிறகுதான் மகளை உன்னிடம் விட்டார்கள். அவள் ஹாஸ்டல் சீருடையில் நின்று தெலுங்கும் இங்கிலீஷுமாக உன்னிடம் ஏதோ சொன்னாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். "இன்னா சொல்லுது?" நான் அவளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு சொன்னேன்: "பசிக்குதாம்."

அதோடு நீ போயிருக்க வேண்டும். போனாயா? உன் ஊர்ப் பக்கத்துப் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூட்டிக்கொண்டு வந்தாய். என் முன்னாலேயே அவர்களிடம், "இந்தம்மா ஒருவாட்டி தப்பு பண்ணிச்சு. இனிமே பண்ணாது" என்று சிபாரிசு வேறு. கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாய். சாட்சியம் முடிந்து நான் படித்துக் காட்டினால் எழுந்து நிற்பாய். "இன்னொருவாட்டி படிக்கச் சொல்லுங்க சாமி." நீதிபதி என்னை முறைப்பார். மற்ற கிளார்க்குகள் சிரிப்பார்கள். ஒரு நாள் வராந்தாவில் உன்னைப் பிடித்துக் கத்தினேன்.

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"கீது. உங்களப் பாத்துக்கறதும் ஒரு வேலதான்க்கா."

அன்றிலிருந்துதான் மேடம் போய் அக்கா வந்தது. ஒரு தடவை நீ எழுந்து நின்றதால் ஒரு பெண்ணின் வாக்குமூலத்தில் ஒரு வரி திருத்தப்பட்டது. சொன்னால் உனக்குத் தலைக்கேறிவிடும் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்.

போன மாதம் உன் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். இப்போது அங்கே கம்பெனி வேலையில் இருக்கிறாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள்.

"போயிட்டாங்கன்னா? எங்க போனாங்க?" என்று கேட்டேன்.

பிறகு அவள், கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி, முதலில் தெலுங்கில் சொன்னாள், அப்புறம் தமிழில் சொன்னாள். "சனிப்போயிந்தி ஆன்ட்டி. அம்மா செத்துப்போயிட்டாங்க."

தமிழ் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் 'போயிட்டாங்க' என்றால் என்னவென்று தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் தெரிந்துவிட்டது என்று நம்பிக் கேட்காமல் இருக்கும் பழக்கத்தை நீ என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாய். தாயின் சாவை அந்தப் பெண் தன் வாயால் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். யார் எதைச் சொன்னாலும், "அப்படின்னா என்ன? இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் எரிச்சலாக இருக்கிறது. இருக்கட்டும்.