தரை சூடேறிய பிற்பகல்

மச்சான்,

இன்று காலை எங்கள் வீட்டைச் சூடாக்கும் பொயிலரைத் துப்புரவாக்க ஒருவர் வந்திருந்தார். அவர் மூடியைக் கழற்றியதும் உள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிகாலில் விழும் சத்தம் கேட்டது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. நான்தான் நிலவறைப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை, எல்லாம் சரியாக ஓடுகிறது என்றேன். அந்தச் சத்தம் என்னை எங்கே கொண்டுபோய்விட்டது என்று அவருக்கு விளங்கப்படுத்துவது கடினம். உனக்கென்றால் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் சொல்லவேண்டும்போல இருக்கிறது.

எண்பத்தைந்தின் தொடக்கம். ஜெர்மனியில் ஹாம் நகருக்குப் பக்கத்துச் சிறு பட்டினத்தில் ஆண்களை மட்டும் வைத்திருந்த அகதி முகாம். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் என் கட்டில். இருவருக்கும் வேலை அனுமதி கிடைத்து, வீடுகளுக்கு வெப்பமூட்டும் குழாய்வேலை செய்யும் சிறிய கொம்பனி ஒன்றில் உதவியாளர்களாகச் சேர்ந்திருந்தோம். நீ ஊரைவிட்டு வந்தபோது உன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. மகளைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாய். அவர்கள் இருவரும் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி மேற்கு பெர்லினுக்குள் சேர்ந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, கையில் குழாய் அறுக்கும் வாளோடு நின்ற இடத்திலேயே அழுதாய். முதலாளி என்னைப் பார்த்து, "யாராவது இறந்துவிட்டார்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதன்பின் வந்தது வீட்டுக் கவலை. முகாமில் பெண்களுக்கு இடமில்லை. கேட்ட இடமெல்லாம், ஏற்கெனவே ஆள் வந்துவிட்டது என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் உனக்கு வீடு தர முன்வந்தவர், நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்காரி. ஓய்வுபெற்ற தாதி, தனியாக இருந்தவர். அவருடைய வீட்டில் தரைக்கடியில் சுடுநீர் ஓடும் குழாய் பதித்து, பழைய எண்ணெய் பொயிலரை எடுத்துவிட்டு, அப்போது புதிதாக வந்திருந்த ஒருவகை எரிவாயு பொயிலரைப் பூட்டினோம். நிலவறைக் குழாய்களில் முக்கால்வாசி நீ பொருத்தியவை. மேல்மாடியை உனக்குத் தருவதாகச் சொன்னவர், ஒரு நிபந்தனையும் போட்டார்: "பிள்ளை வருகிற அன்று வீடு சூடாக இருக்கவேண்டும். குளிர்ந்த வீட்டுக்குள் இருமுகிற பிள்ளையைக் கொண்டுவர நான் விடமாட்டேன்."

ஏனென்றால் பிள்ளை பெர்லினிலேயே நெஞ்சில் சளிகட்டிப் படுத்து எழும்பியிருந்தாள்.

அவர்கள் ரயிலில் வரவிருந்த அன்று காலை, எல்லாம் சரியா என்று பார்க்கத்தான் போனோம். வெளியே மூக்கு விறைக்கும் குளிர். உள்ளே போனால் அங்கும் அதே குளிர். நிலவறையில் பொயிலர் அணைந்து கிடந்தது. அதன் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

நீ அப்படியே குந்திவிட்டாய். "நான் வைச்ச குழாய் மூட்டுத்தான் ஒழுகுது மச்சான். எல்லாம் போச்சு."

"முதல் தொட்டுப் பார். பிறகு அழு."

ஒவ்வொரு மூட்டாக விரலால் தடவிக்கொண்டு போனோம். எல்லாம் காய்ந்திருந்தன. பின் எங்கிருந்து தண்ணீர்? மேலே போய் முதலாளிக்கு ரெலிபோன் எடுத்தோம். அவர் வேறு ஊரில் வேலையாக நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அது கசிவல்ல, புகையில் இருந்து வரும் தண்ணீர் என்றார். பழைய பொயிலர்கள் புகையைச் சூட்டோடேயே வெளியே விட்டுவிடும். இது புகையில் இருக்கும் நீராவியையும் குளிரவைத்து, அதன் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த ஆவி தண்ணீராகி ஒரு மெல்லிய குழாயால் வடியும். அந்தக் குழாயை எல்லோருமாகச் சேர்ந்துதான் சுவரைத் துளைத்து வெளியே விட்டிருந்தோம். ஓடிப்போய்ப் பார்த்தால், அதன் வாயில் விரல்தடிப்பில் பனிக்கட்டி. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி ஏறி பொயிலரை நிறுத்தியிருக்கிறது.

நீ பனிக்குள் நின்று சிரித்தாய். உன் மூட்டு ஒழுகவில்லை என்ற சிரிப்பு அது. முதலாளி சொன்னபடி அந்தக் குழாயை உள்ளே இழுத்து, உடுப்புத் தோய்க்கும் அறையின் வடிகாலோடு சேர்த்தோம். பொயிலர் பற்றிக்கொண்டது.

ஆனால் தரை குளிர்ந்தபடியே கிடந்தது. நாங்கள் பூட்டிய விதம் அப்படி. குளிக்கும் தண்ணீர் நிற்கும் தாங்கி ஆறினால் சூடு முழுவதும் முதலில் அதற்குத்தான் போகும். அது சூடேறிய பிறகுதான் தரைக்கு. மேலே குளியல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"வீட்டுக்கார மனிசி குளிக்கப் போறா," என்றாய். "அவ குளிச்சு முடிய, தாங்கி திரும்பவும் சூடாகவேணும். நிலத்துக்கு எப்ப வாறது? சீமெந்து சூடேறவே எவ்வளவு நேரம் எடுக்கும்!"

"போய்ச் சொல்லு, இண்டைக்குக் குளிக்க வேண்டாமெண்டு."

"அதை ஜெர்மனிலை எப்பிடிச் சொல்லுறது? எனக்கு ஏலாது. நீ சொல்லு."

"வீடு உனக்கு. நீதான் சொல்லவேணும்."

நீ போய்க் கதவைத் தட்டினாய். துவாயைத் தோளில் போட்டபடி அவர் எட்டிப்பார்த்தார். தெரிந்த ஜெர்மன் எல்லாம் அந்த நேரத்தில் உன்னை விட்டுப் போய்விட்டது. "இன்று நீங்கள் இல்லை," என்றாய். "இன்று என் பிள்ளை."

அவர் உன்னைப் பார்த்தார், குளிர்ந்த தரையில் நின்ற தன் கால்களைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பூட்டிவிட்டு வந்தார். "சரி, நான் நாளைக்குக் குளிக்கிறேன்," என்று சொல்லி, அடுப்பில் பாலை வைத்தார்.

போன வருடம் நீ ஆஸ்பத்திரியில் மூச்சுவிடவே கஷ்டப்பட்டுக் கிடந்தபோதும் இந்தக் கதையைச் சொல்லி நாங்கள் இருவரும் சிரித்தோம். அங்கிருந்த தாதி வந்து, நோயாளி களைப்படையக்கூடாது என்று என்னை வெளியே அனுப்பினாள். அதுதான் நாங்கள் கதைத்த கடைசிக் கதை. அது அழுகையாக இல்லாமல் போனதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

அன்று, பொயிலர் ஓடத் தொடங்கியபின் நீ ரயில் நிலையத்துக்குப் போனாய். நான் மேல்மாடியில் வெறும் தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சுவரோரத்தில் லேசாக ஒரு வெதுவெதுப்பு. கையை எடுத்து, ஊதி, மறுபடியும் வைத்துப் பார்த்தேன். பொய்யில்லை. அது மெல்ல மெல்ல அறையின் நடுவுக்கு வந்தது.

நீங்கள் மூவரும் படியேறி வந்தபோது உன் மனைவியின் உதடு நீலம்பாரித்திருந்தது. காலணியைக் கழற்றி உள்ளே அடிவைத்தவள் திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நிலம் சுடுகுது! கீழை அடுப்பே எரியுது?"

"ஓம்," என்றாய். "கீழைதான் எரியுது. பிள்ளையை இறக்கிவிடும், பயமில்லை."

பிள்ளை உன்னிடம் வரவில்லை. படத்தில் இருந்த அப்பாவுக்கு இந்த மீசை இல்லை என்று தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். நீ கையை நீட்டவில்லை. சற்றுத் தள்ளி, தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டாய். அவள் தாயின் இடுப்பில் இருந்து நழுவி, தரையைத் தடவிப் பார்த்து, தானும் படுத்தாள். அந்தச் சூட்டில் உருண்டு உருண்டு உன் பக்கமாக வந்து, உன் விலாவில் முட்டிக்கொண்டு அப்படியே நித்திரையாகிவிட்டாள். எழுப்பிவிடுவோமோ என்ற பயத்தில் நீ மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தாய். வீட்டுக்காரி பால் கோப்பையோடு வாசலில் நின்றவர், சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

நானும் இறங்கி முகாமுக்கு நடந்தேன். உன் கட்டில் இனி வெறுமையாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் நெஞ்சில் பாரமே இல்லை. இந்த நாட்டுக்கு வந்தபின் ஒரு விஷயம் சரியாக வந்து முடிந்ததை அன்றுதான் என் கண்ணால் பார்த்தேன்.

அதன்பின் சரிவராமல் போனவை எத்தனையோ. ஊரில் இருந்து வந்த செய்திகள், என் அகதி விண்ணப்பத்துக்கு வந்த மறுப்புகள், போன வருடம் நீ போய்ச் சேர்ந்தது. ஒவ்வொன்றின்போதும் எல்லாம் இப்படித்தான் முடியும் என்று மனம் சொல்ல வெளிக்கிடும். அதை நான் நம்புவதில்லை, மச்சான். ஒரு பிள்ளை தன் தகப்பனிடம் தானாக உருண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.